வேலியில் வெட்சி இருக்கட்டும்

மதிலோரம் அழகுக்கு எந்தச் செடியை நடுவது என்று நாம் அதிகம் யோசிப்பதில்லை. மஞ்சள் இலைகொண்ட டுரண்டாவை வாங்கி, வரிசையாக நட்டு, மட்டமாகக் கத்தரித்துவிட்டால் போதும் என்று எண்ணுகிறோம். வீட்டிலும் பாடசாலையிலும் அந்த இடத்தை எக்ஸோராவுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே எனது கருத்து.

எக்ஸோரா வேறு யாருமல்ல, நமது வெட்சிதான். பகைவரின் ஆநிரையைக் கவரச் செல்லும் வீரர் வெட்சிப் பூவைச் சூடினர். அதனால் அது வெட்சித் திணை ஆயிற்று என்று தமிழ்ப் பாடத்தில் மனனம் செய்கிறோம். அந்தப் பூ வாசலில் சிவப்புக் கொத்தாக நிற்பதை மட்டும் அறியாமல் கடந்து போகிறோம். தென்னிந்தியாவும் இலங்கையுமே இச்செடியின் சொந்த மண்.

இதன் பயன் அழகோடு முடிவதில்லை. நீண்ட மெல்லிய பூக்குழாயின் அடியில் தேன் இருப்பதால் வண்ணத்துப்பூச்சிகள் தேடி வரும். பூ உதிர்ந்தபின் பட்டாணி அளவில் காய்கள் தோன்றும். அவை சிவந்து, பின் கருஞ்சிவப்பாகக் கனியும்போது இலேசான இனிப்புடன் இருக்கும். பறவைகளும் சிறுவர்களும் விரும்பி உண்பர். வேரும் பூவும் வயிற்றுளைவுக்கு நாட்டு வைத்தியத்தில் பயன்பட்டு வந்துள்ளன.

டுரண்டாவோ அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்தது. அதன் பொன்னிறக் காய்கள் பார்க்க அழகானவை. ஆனால் நச்சுத்தன்மை உடையவை. சிறு பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்தில் இவ்விரண்டில் எது நிற்க வேண்டும்?

“கண்ட பழத்தையும் வாயில் வைக்காதே” என்று தாய்மார் சொல்வது நியாயமே. ஆனால் பயம் மட்டும் பிள்ளையைக் காக்காது. செடியை இனங்காணும் அறிவே காக்கும். பெரியவர் ஒருவர் அடையாளம் காட்டிய செடியில், மருந்து தெளிக்காத, நன்கு கனிந்த பழத்தைக் கழுவி உண்ணப் பழக்குவோம். தெரியாத பழத்தைத் தொடாதிருக்கவும் அப்போதுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். நாற்றுமேடைகளில் விற்கும் குட்டை இனங்கள் காய்ப்பது அரிது. எனவே அயல் வளவில் காய்க்கும் பழைய செடியொன்றிலிருந்து தடி வெட்டி நடுங்கள். சீமெந்து மதிலை ஒட்டி நட்டால் மண்ணின் காரத்தன்மையால் இலை மஞ்சளிக்கும். சற்றுத் தள்ளி, இலைக்குப்பை இட்ட மண்ணில் நடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கத்தரிக்கோலை அடக்கி வையுங்கள். பூக்கொத்தை வெட்டிவிட்டால் பழம் ஏது? வரிசை முழுவதையும் மட்டமாக வெட்டினாலும், ஒரு செடியையாவது அதன் போக்கில் வளர விடுவோம். பாடத்தில் படித்த வெட்சியைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டு, நாவாலும் சுவைத்த தலைமுறை ஒன்று அங்கிருந்து வளரட்டும்.