ஆசிரியருக்குச் சிரிக்கத் தெரியாதா?

பத்திரிகை ஆசிரியர்களுக்கு நகைச்சுவை உணர்வே கிடையாது, அதனால்தான் நம் கட்டுரைகள் திரும்பி வருகின்றன என்கிறார் நண்பர். அடேயப்பா! துப்பறியும் சாம்புவை எழுதிய தேவன் விகடன் ஆசிரியர் குழுவில் இருந்தவர். அப்புசாமியையும் சீதாப்பாட்டியையும் படைத்த பாக்கியம் ராமசாமி குமுதத்தில் வேலை பார்த்தவர்.

‘அப்படியானால் உள்ளே இருப்பவர்களுக்குத்தானே இடம்?’ என்று மடக்குவார். நகைச்சுவை எழுத்தாளர் எஸ்.வி.வி. திருவண்ணாமலை வக்கீல், வெளியிலிருந்துதான் எழுதினார்.

நண்பரின் பிரதியைப் பார்த்திருக்கிறேன். முதல் பக்கம் முழுக்க முன்னுரை. ஒவ்வொரு சிலேடைக்கும் பின்னால் மூன்று ஆச்சரியக்குறி, போதாததற்கு அடைப்புக்குறிக்குள் ‘ஹி ஹி’. எல்லாச் சிரிப்பையும் இவரே சிரித்துவிட்டால் ஆசிரியருக்கு என்ன மிச்சம்? அவற்றையெல்லாம் அடித்துவிட்டு, இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கி மறுபடி அனுப்பட்டும். அதுவும் திரும்பி வந்தால் ஆசிரியரை இருவரும் சேர்ந்தே திட்டலாம்.