சிறிய கடிகாரத்துக்குத் தடை எது?

கைக்கடிகாரம் பெண்களுக்கான பொருளாகத்தான் பிறந்தது. நேப்பிள்ஸ் அரசி கரோலின் முரா கேட்டதற்கு இணங்க 1810-ல் கடிகாரக் கலைஞர் பிரெகே செய்யத் தொடங்கியதும், 1868-ல் ஹங்கேரியக் கோமகள் ஒருவருக்காக பட்டேக் பிலிப் நிறுவனம் செய்ததும் பெண்கள் கையில் கட்டும் கடிகாரங்களே. கோட்டுப் பையில் சங்கிலிக் கடிகாரம் வைத்திருந்த ஆண்கள், முதல் உலகப் போருக்குப் பிறகே பெருமளவில் மணிக்கட்டுக்கு மாறினார்கள். அப்படித் தொடங்கிய பொருளில் இன்று நிலைமை தலைகீழ். பெரிய நிறுவனங்களைச் சாராமல் தனித்து இயங்கும் தயாரிப்பாளர்களிடம், சாவி கொடுத்தோ ஆட்டோமேட்டிக்காகவோ ஓடும் சிறிய கடிகாரம் ஒன்றைத் தேடும் பெண்ணுக்குக் கண்ணில் படுபவை பெரும்பாலும் 38, 40 மி.மீ. விட்டமுள்ளவைதான். ‘பெண்கள் மெக்கானிக்கல் வாட்ச் கேட்பதில்லை’ என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். உண்மையான காரணம் டயலுக்குக் கீழே, மிஷினில் இருக்கிறது.

சிறு தயாரிப்பாளர்களில் பெரும்பாலோர் மிஷினைத் தாங்களே செய்வதில்லை; எட்டா, செல்லிட்டா, மியோட்டா போன்ற மிஷின் நிறுவனங்களிடம் வாங்குகிறார்கள். அவற்றில் பரவலாக அறியப்பட்ட எட்டா 2824, செல்லிட்டா எஸ்டபிள்யூ200 இரண்டுக்கும் விட்டம் 25.6 மி.மீ., உயரம் 4.6 மி.மீ. பெண்களுக்கான அளவில் செல்லிட்டா தரும் எஸ்டபிள்யூ100-ன் விட்டம் 17.2 மி.மீ.; உயரமோ 4.8 மி.மீ. பரப்பு பாதிக்கும் கீழே சுருங்க, உயரம் மட்டும் சற்றே கூடுகிறது. சுருள்வில், பல்சக்கரங்கள், தானாகச் சாவி ஏற்றும் ரோட்டார் எல்லாவற்றையும் குறுகிய வட்டத்துக்குள் திணிக்கும்போது அவை மேல்நோக்கித்தான் வளர முடியும். இதனால் கடிகாரம் சிறிதாகவும் அதே நேரம் தடித்தும் அமைந்துவிடுகிறது. சில நூறு கடிகாரங்களைச் செய்து விற்கும் ஒருவர் தனக்கென மெல்லிய சிறு மிஷின் ஒன்றை வடிவமைக்கச் செலவழிப்பது எளிதல்ல. ஆகவே 25.6 மி.மீ. மிஷினை வாங்கி, அதைச் சுற்றி 39 மி.மீ. கூடு கட்டி, டயலில் இளஞ்சிவப்பு பூசி, பெண்களுக்கானது என்கிறார்.

சிறிய மிஷின் செய்வது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் அல்ல. ஜேகர்-லெகூல்த்ர் 1929-ல் செய்த ‘காலிபர் 101’ மிஷின் 14 மி.மீ. நீளம், 4.8 மி.மீ. அகலம், 3.4 மி.மீ. உயரம் கொண்டது. எடை ஏறத்தாழ ஒரு கிராம். இன்றைய வடிவில் அதற்குள் 98 உதிரிகள். 1953-ல் முடிசூட்டு விழாவின்போது இரண்டாம் எலிசபெத் அணிந்திருந்த கடிகாரத்தில் ஓடியது இந்த மிஷின்தான். அரசியருக்கு மட்டும் என்றில்லை. 1950, 60-களில் சாவி கொடுக்கும் சிறிய லேடீஸ் வாட்ச் சாதாரணக் கடைச்சரக்காகவே இருந்தது. 1969 டிசம்பரில் பேட்டரியில் ஓடும் சீக்கோவின் குவார்ட்ஸ் வாட்ச் வந்தபின் கதை மாறியது. 1970-ல் சுமார் 90,000 பேருக்கு வேலை தந்த ஸ்விஸ் கடிகாரத் தொழில், 1980-களின் நடுவில் 30,000 அளவுக்குச் சுருங்கியது. சிறிய கடிகாரத்துக்கு பேட்டரி மிஷின் மலிவாகவும் கச்சிதமாகவும் பொருந்தியதால், அந்தப் பிரிவை மெக்கானிக்கல் தொழில் எளிதாகக் கைவிட்டது. பிறகு மெக்கானிக்கல் கடிகாரம் ஆடம்பரப் பொருளாக மீண்டு வந்தபோது, ஆண்களின் கையை அளவாகக் கொண்டே வந்தது.

சிறிய மெக்கானிக்கல் கடிகாரம் வேண்டும் என்பதற்குச் சில மறுப்புகள் உண்டு. தேவை இல்லாததால்தான் செய்வதில்லை என்பது முதலாவது. கடையில் வைக்காத பொருளுக்கு விற்பனைக் கணக்கு எங்கிருந்து வரும்? சிறிய மிஷின் துல்லியத்தில் பின்தங்கும் என்பது இரண்டாவது. இதில் நியாயம் இருக்கிறது. ஓட்டத்தைச் சீராக்கும் சமநிலைச் சக்கரம் சிறுத்தால் அசைவிலும் அதிர்விலும் அது எளிதில் தடுமாறும், பழுதுபார்ப்பும் கடினம். ஆனால் நாளுக்குச் சில விநாடி வேறுபாட்டை ஏற்றுக்கொண்டுதானே எவரும் மெக்கானிக்கல் வாட்ச் வாங்குகிறார்கள்? குவார்ட்ஸ் போதுமே என்பது மூன்றாவது. போதும்தான், அதிலும் அக்கறை இருந்தால். கடிகாரத் தயாரிப்பாளர் எஃப்.பி.ஜூர்ன் 2014-ல் வெளியிட்ட ‘எலகாண்ட்’ பேட்டரியில் ஓடுவது. கழற்றி வைத்த சுமார் அரைமணி நேரத்துக்குப் பின் முள்ளை நிறுத்தி உறங்கி, மறுபடி எடுத்ததும் சரியான நேரத்துக்குத் திரும்பும். நம் ஓசூரில் டைட்டன் 1.15 மி.மீ. தடிமனில் மிஷின் செய்து, 2002-ல் ‘எட்ஜ்’ வாட்ச்சைக் கொண்டுவந்ததும் அதே அக்கறையால்தான். நான்காவது மறுப்பு, 36 மி.மீ. இருபாலருக்கும் பொது என்பது. 14 செ.மீ. சுற்றளவுள்ள மணிக்கட்டின் மேற்புற அகலம் சுமார் 5 செ.மீ.; ஓரங்கள் வளைந்து இறங்கும். விட்டம் 36 மி.மீ. ஆனாலும், ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளான லக்குகளின் முனைக்கு முனை 47 மி.மீ. நீளும் கடிகாரம் அதன்மேல் பலகைபோல் கிடக்கும். இருபாலருக்கும் என்று பெயர் சூட்டினால் அளவு குறைந்துவிடாது.

மிஷினிலிருந்து யோசித்தவர்கள் வழி கண்டிருக்கிறார்கள். ஜெர்மனியின் கிளாஷூட்டில் 1990-ல் தொடங்கிய நோமோஸ், 23.3 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. உயரமும் கொண்ட பெசோ 7001 என்ற சாவி கொடுக்கும் மிஷினைத் தேர்ந்தெடுத்தது. பின்னர் தானே செய்த ‘ஆல்ஃபா’வையும் அதே விட்டத்தில் வைத்தது. அதனால் ‘டாங்கென்டே’ வரிசையில் 33 மி.மீ.க்கும் குறைவான, மெல்லிய கடிகாரம் சாத்தியமானது. ஆனால் அதன் லக்குகள் நீளமானவை. விட்டத்தைப் பார்த்து எதிர்பார்ப்பதைவிடக் கையில் பெரிதாகத் தெரியும். 2024-ல் வந்த டோலிடானோ அண்ட் சான் நிறுவனத்தின் பி/1 கடிகாரம், பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்த எஸ்டபிள்யூ100-ஐக் கோணலான கட்டட வடிவக் கூட்டுக்குள் வைத்தது. ஆண்களும் அதைத் தேடி வாங்குகிறார்கள். சிறிய மிஷினுக்குச் சந்தை இல்லை என்ற வாதத்துக்கு இதுவே பதில்.

வாங்குபவர் விட்டத்தை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. லக் முனையிலிருந்து முனைவரை எவ்வளவு, தடிமன் எவ்வளவு, உள்ளே எந்த மிஷின் என்ற மூன்றையும் கேட்க வேண்டும். தயாரிப்பாளர் செய்ய வேண்டியது அதைவிட எளிது: மெல்லிய, சாவி கொடுக்கும் மிஷினை முதலில் தேர்ந்தெடுத்து, கூட்டைப் பிறகு வரையட்டும். 25.6 மி.மீ. மிஷினைக்கூட 34 மி.மீ. கூட்டுக்குள் வைக்க முடியும் என்னும்போது, 40 மி.மீ. என்பது பழக்கமே தவிர கட்டாயம் அல்ல.