காகிதம் சுற்றி வந்த நண்பன்

போன மாதம் இரவு நிகழ்ச்சியில் "மனசு விட்டுப் பேசுங்க" என்று நேயர்களை அழைத்தேன். செய்திகள் குவிந்தன. அதில் ஒன்று: "அண்ணே, எனக்குப் பொண்ணுங்க மேல ஆசை வரல. ஆம்பளைங்க மேலதான் வருது. என்னை மாதிரி நம்ம ஆளுங்கள்ல வேற யாராவது இருக்காங்களா?"

நான் அதை வாசிக்கவில்லை. பதிலும் போடவில்லை. அடுத்த பாட்டை ஒலிக்கவிட்டேன்.

அன்றிரவு காரில் வரும்போது அசோக் ராவ் கவி நினைவுக்கு வந்தார். ஊடகவியல் படித்த காலத்தில் கேள்விப்பட்ட பெயர். 1947இல் பம்பாயில் பிறந்தவர். தன் இயல்பை ஏற்க முடியாமல் துறவியாகப் போய் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். அங்கிருந்த மூத்த துறவி ஒருவர் கொடுத்த ஊக்கத்தில்தான் வெளியே வந்தார். பிறகு பத்திரிகையாளரானார். 1986இல் 'சாவி' என்ற ஆங்கில மகளிர் இதழுக்குக் கொடுத்த பேட்டியில், தான் ஒரு தன்பாலீர்ப்பாளர் என்று சொந்தப் பெயரிலேயே சொன்னார். அந்தக் காலத்து இந்தியாவில் அப்படிச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் இருந்திருக்கும்?

1990இல் 'பாம்பே தோஸ்த்' என்ற இதழைத் தொடங்கினார். தோஸ்த் என்றால் நண்பன். கடைக்காரர்கள் அதைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, பிறர் கண்ணில் படாமல் விற்றார்கள். ஆபாசப் புத்தகம் என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் அதைத் தேடி வந்தவர்களுக்கு வேண்டியிருந்தது வேறு: தன்னைப் போல இன்னொருவர் இருக்கிறார் என்ற செய்தி. கடிதங்கள் வரத் தொடங்கின. 1994இல் 'ஹம்சஃபர்' அறக்கட்டளை பிறந்தது. எய்ட்ஸ் அச்சம் பரவியிருந்த நாளில் ஆலோசனை, பரிசோதனை என்று அது வேலையில் இறங்கியது. இதழ் 2002இல் நின்று, 2009இல் மீண்டும் வந்தது.

1860இல் வெள்ளைக்காரர்கள் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தில் இதற்கான பிரிவு 377. மலாயாவுக்கும் அதே எண்ணில் வந்தது. வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. நம் நாட்டில் அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறது. அன்று என் வாயைக் கட்டியது அந்தச் சட்டம்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. நாலு பேர் என்னை என்ன நினைப்பார்கள் என்ற பயம்தான்.

வார இறுதியில் கொமுட்டர் ஏறி, கடைசி நிறுத்தமான தஞ்சோங் மாலிமில் இறங்கினேன். வழக்கம்போல பாவ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பெயரைச் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் பாவைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க லயத்துலயும் ஒருத்தர் இருந்தாருடா. கடைசி வரைக்கும் கல்யாணம் கட்டல. எங்களுக்கெல்லாம் தெரியும். ஆனா ஒரு வார்த்தை அவர்கிட்ட யாரும் பேசுனதில்ல. அந்தப் பையனுக்குப் பதில் போட்டியா?"

"இல்லம்மா."

"அப்ப நீயும் எங்கள மாதிரிதான்."

அன்றே பதில் அனுப்பினேன். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். மனநல ஆலோசகர் ஒருவரின் எண்ணையும் சேர்த்தேன். முதல் வரி மட்டும் இங்கே, அவரைப் போலக் காத்திருக்கும் மற்றவர்களுக்காக:

"தம்பி, இருக்காங்க. நம்ம ஆளுங்கள்லயும் இருக்காங்க."