கேட்டதற்கு மட்டும் பதில்

1971 நவம்பர் 3 தேதியிட்ட யுனிக்ஸ் முதல் பதிப்பின் கையேட்டில் ‘ஸ்டாட்’ என்றொரு சிஸ்டம் கால் இருக்கிறது. ஒரு நிரல் தனக்கு வேண்டியதை இயங்குதளத்தின் கருவிடம் கேட்டுப் பெறும் வழிக்குத்தான் சிஸ்டம் கால் என்று பெயர். கோப்பின் பெயரைக் கொடுத்தால், கோப்பைத் திறக்காமலே அதன் அளவு, உரிமையாளர், அனுமதிகள், திருத்தப்பட்ட நேரம் எல்லாவற்றையும் ஸ்டாட் 34 பைட்டில் சொல்லிவிடும். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய இந்த அழைப்பு இன்றைய லினக்ஸிலும் அதே பெயரில் உயிரோடு இருக்கிறது. வெளியே சொல்லும் ஒவ்வொரு பதிலும் நெடுங்கால வாக்குறுதி. ஆகவே கையில் இருப்பதையெல்லாம் கொட்டாமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வதே நல்ல வடிவமைப்பு. அந்த 34 பைட்டின் வரலாறு சொல்வது இதைத்தான்.

அந்தப் பதிலைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். வட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் ‘ஐநோட்’ எனப்படும் 32 பைட் குறிப்பு ஒன்று இருந்தது. ஸ்டாட் செய்ததெல்லாம், ஐநோட் எண்ணுக்கான 2 பைட்டை முன்னால் வைத்து, அந்தக் குறிப்பை அப்படியே நகலெடுத்துக் கொடுத்ததுதான். கோப்பின் தரவு வட்டில் எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்று காட்டும் 8 முகவரிகளும் அதில் சேர்ந்தே வந்தன. அவை மட்டும் 16 பைட். கடைசியில் எதற்கும் பயன்படாத 2 பைட் வேறு. ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று விசாரித்தவரிடம் சிக்னல் கம்பிகளின் வரைபடத்தையும் சேர்த்து நீட்டியது போன்ற காரியம் இது.

நினைவகம் அரிதாக இருந்த காலத்தில் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். அப்போது யுனிக்ஸ் ஓடிய பிடிபி-11/20 கணினியில் மொத்த நினைவகமே 24 கிலோபைட் என்பது உண்மை. ஆனால் நெருக்கடி சிக்கனத்துக்குத்தானே காரணமாக வேண்டும்? இங்கோ பதிலில் பாதிக்கும் மேல், பெரும்பாலான நிரல்களுக்குத் தேவைப்படாத சுமை. மிச்சமானது நகலெடுப்பதன் எளிமை மட்டும்தான். அதே நெருக்கடியில்தான் அருமையான இன்னொரு முடிவும் பிறந்தது: ஐநோட்டில் கோப்பின் பெயர் கிடையாது. பெயர் ‘அடைவு’ எனப்படும் பட்டியலில் இருக்கும். பெயருக்கு எதிரே ஐநோட்டின் எண் இருக்கும். இதனால் ஒரே கோப்புக்குப் பல பெயர்கள் சாத்தியமாயின. எத்தனை பெயர்கள் என்ற எண்ணிக்கையை ஸ்டாட் சொல்லும், பெயர்களைச் சொல்லாது. பெயர் வேறு, பொருள் வேறு என்ற அந்தப் பிரிவினை அரை நூற்றாண்டு கடந்தும் அசையவில்லை.

தவறென்று தெரிந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாமே என்பது அடுத்த வாதம். திருத்தினார்கள்தான். 1979-இல் வந்த ஏழாம் பதிப்பில் வட்டு முகவரிகள் ஸ்டாட்டின் பதிலிலிருந்து காணாமல் போயின. அந்த மௌனத்தின் பலன் 1983-இல் தெரிந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸான 4.2 பதிப்பு, வட்டில் கோப்புகளை அடுக்கும் முறையையே மாற்றி எழுதியது. ஆனாலும் அளவும் உரிமையாளரும் நேரமும் கேட்கும் நிரல்களின் கேள்வி மாறவேண்டியிருக்கவில்லை. ஆனால் முகவரிகளை நீக்க முடிந்ததற்கு, யுனிக்ஸ் அப்போது பரவியிருந்த வட்டம் சிறியது என்பதும் ஒரு காரணம். நேரத்தின் கதையைப் பாருங்கள். முதல் பதிப்பு, நொடியில் அறுபதில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு 32 பிட்டில் நேரத்தை எண்ணியது. சுமார் 829 நாளில் அந்த எண் நிரம்பிவிடும். சில ஆண்டுகளிலேயே நொடிக் கணக்குக்கு மாறினார்கள். ஆனால் 32 பிட் என்ற அகலம் உலகெங்கும் பரவிவிட்டது. அந்த எண் 2038 ஜனவரி 19 அன்று நிரம்புகிறது. முதல் மாற்றம் ஒரு சில கணினிகளோடு முடிந்தது. இரண்டாவதற்காக, 64 பிட்டுக்கு மாறிய கணினிகளைத் தவிர்த்து, பழைய கருவிகளையெல்லாம் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது.

நிறையச் சொல்வதுதானே வெளிப்படைத்தன்மை என்றும் சிலர் கேட்பார்கள். வட்டைப் பழுதுபார்க்கும் நிரலுக்குக் கட்ட முகவரிகள் வேண்டும்தான். அது வட்டையே நேராகப் படித்துக்கொள்ளலாம். அந்த ஒரு நிரலுக்காக எல்லோர் கையிலும் உள்வரைபடத்தைக் கொடுத்தால், நாளை சுவரை நகர்த்த முடியாது. அரசுத் துறைகளும் வங்கிகளும் தங்கள் தரவுத்தளங்களுக்கு இன்று திறக்கும் ஒவ்வொரு இணைய வாசலும் ஒரு ஸ்டாட்தான். உள்ளே இருக்கும் அட்டவணையை அப்படியே வெளியே அனுப்புவது இன்றைக்கும் எளிது. அதைச் செய்யும் முன், 1971-இல் யாரும் கேட்காமலே கூடவே போன அந்த வெற்று 2 பைட்டை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.