ஸ்பீக்கர் ஒயரை நீங்களே செய்யலாம்

நல்ல ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வாங்கியவரிடம் கடைக்காரர் கடைசியாக ஒன்று சொல்வார்: "இவ்வளவு செலவு பண்ணிட்டு ஒயர்ல கணக்குப் பாக்காதீங்க சார்." அடுத்து, மீட்டர் ஆயிரக்கணக்கில் விலைபோகும் கேபிள் மேசைக்கு வரும். நாமே வெட்டி முறுக்கி பிளக் மாட்டிய ஒயர் ஒலியைக் கெடுத்துவிடும் என்று இசைப் பிரியர்கள் பலரும் நம்புகிறார்கள். அதற்குச் சொல்லப்படும் காரணங்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் எதுவும் நிற்கவில்லை.

சாதாரண ஒயரில் சக்தி வீணாகி பேஸ் தளர்ந்துவிடும் என்பது முதல் காரணம். ஒயரில் முதலில் பார்க்க வேண்டியது மின்தடைதான். அதில் எனக்கு மறுப்பில்லை. எலெக்ட்ரீஷியன்கள் 'ரெண்டரை ஸ்கொயர்' என்று கேட்டு வாங்கும் 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரின் தடை மீட்டருக்குச் சுமார் 0.007 ஓம். ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளியிருந்தால் போகவர 10 மீட்டர், மொத்தம் 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இதனால் வரும் இழப்பு 0.1 டெசிபெல்லைக்கூட எட்டாது. ஒயரின் மொத்தத் தடை ஸ்பீக்கரின் ஓமில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது, அமெரிக்காவின் மெக்கின்டாஷ் நிறுவனத்தில் ஸ்பீக்கர்களை உருவாக்கிய ரோஜர் ரஸ்ஸல் தந்த வரம்பு. அந்தக் கணக்கில் ரெண்டரை ஸ்கொயர் ஒயரை 25 மீட்டர் வரை இழுக்கலாம். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் அதில் பாதி. நம் வீட்டுக் கூடத்துக்கு அதுவே தாராளம்.

உயர் சுரங்களில் மின்சாரம் ஒயரின் மேற்பரப்பில் மட்டும் ஓடுவதால் சலங்கையும் தாளமும் மங்கிவிடும் என்பார்கள். அந்த விளைவு உண்மைதான். ஆனால் மனிதக் காதின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸில்கூட நம் ஒயரின் தடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் கூடும். 0.07 ஓம் 0.085 ஆகும், அவ்வளவே. ஆக்சிஜன் நீக்கிய செம்பு என்ற பெருமையும் இப்படித்தான்: மின்கடத்தலில் வித்தியாசம் ஒரு சதவீதம் அளவில். வெள்ளி செம்பைவிட 6 சதவீதம் போலத்தான் மேல். அதைச் சற்றே தடித்த செம்பு ஈடுகட்டிவிடும். கேபிளின் மேல் அச்சிட்ட திசைக் குறி எதற்கு? ஸ்பீக்கருக்குப் போவது மாறுதிசை மின்னோட்டம். அதற்கு ஒருவழிப் பாதை கிடையாது.

"காதால் கேட்டேனே" என்பவர்களை நான் பொய்யர் என்று சொல்லவில்லை. கேபிளை மாற்றும்போது வேறு என்னென்ன மாறுகின்றன என்று பாருங்கள். பழைய ஒயரின் பச்சை படிந்த முனை போகிறது. தளர்ந்திருந்த டெர்மினல் இறுகுகிறது. கேட்ட வித்தியாசம் அங்கிருந்தே வந்திருக்கலாம். 1991-இல் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் கேபிள்களை அளந்து எழுதிய ஃப்ரெட் டேவிஸ், 12 கேஜ் ஒயரே போதுமானதற்கும் மேல் என்றுதான் முடித்தார். 12 கேஜ் என்பது சுமார் 3.3 சதுர மி.மீ.

வீட்டில் செய்தால் ஷார்ட் ஆகி ஆம்ப்ளிஃபயர் போய்விடும் என்ற பயத்தை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். வெளியே துருத்தும் ஒற்றை இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டால் அவுட்புட் டிரான்சிஸ்டர் வெந்துவிடலாம். அதற்குத் தீர்வு கவனமான வேலை. சிவப்பு, கறுப்பு ஒயர்களின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை டிரில் வாயில் பிடித்து மெதுவாகச் சுழற்றினால் சீரான முறுக்கு விழும். முனையில் ஒரு சென்டிமீட்டர் அளவு தோல் உரித்து, இழைகளை இறுக்கித் திருகி பனானா பிளக்கில் நுழையுங்கள். திருகாணி வைத்த பிளக் என்றால் முனையில் ஈயம் பூசக் கூடாது. ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி, நாளடைவில் திருகாணி தளர்ந்துவிடும். பற்றவைக்கும் பிளக்காக இருந்தால் ஈயம் உள்ளே முழுக்க இறங்க வேண்டும். மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். ஸ்பீக்கரில் மாட்டும் முன் மல்டிமீட்டரை வைத்துச் சிவப்புக்கும் கறுப்புக்கும் தொடர்பில்லை என்று பார்த்துவிடுங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பு, கறுப்பு இடம் மாறினால் பேஸ் காணாமல் போகும். ஏராளமான மெல்லிய ஒயர்களைப் பின்னிச் செய்யும் கேபிள் வேண்டாம். அதன் கெப்பாசிட்டன்ஸ் கூடி, சில ஆம்ப்ளிஃபயர்கள் நிலைகுலையும்.

உண்மையான ஏமாற்று வேறிடத்தில் இருக்கிறது. கண்ணாடித் தோல் போட்டு, செம்பு நிறத்தில் மின்னும் பல 'ஸ்பீக்கர் ஒயர்'களின் உள்ளே இருப்பது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே தடிமனில் அதன் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் வெள்ளை தெரியும். சுருளைக் கையில் தூக்கினாலே எடை காட்டிக்கொடுக்கும். சென்னை ரிச்சி தெருவோ உங்கள் ஊர் எலெக்ட்ரிக்கல் கடையோ, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள செம்பு ஒயரையே கேளுங்கள். எத்தனை சதுர மி.மீ., என்ன உலோகம் என்று அச்சிடாத சுருளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.