சிற்றிலும் 800 மீட்டரும்

தமிழில் பெண்ணின் விளையாட்டுக்கு என்றுமே பஞ்சமிருந்ததில்லை. சங்கப் பாடல்களில் அவள் ஆயத்தோடு வண்டல் இழைத்தாள், கழங்காடினாள், புதுப்புனலில் பாய்ந்தாள். குற்றாலக் குறவஞ்சியின் வசந்தவல்லி பந்தடித்தாள். ஆனால் அந்த ஆட்டத்துக்கு ஓர் எல்லை இருந்தது. பருவம் வந்து ஊர் வாயில் விழுந்ததும் இற்செறிப்பு, அதாவது வீட்டுக்குள் அடைப்பு. வாசற்படியோடு விளையாட்டு முடிந்தது. பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களைப் பாருங்கள். ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல். அவன் தேரை உருட்டிக்கொண்டு தெருவுக்குப் போகிறான், அவள் ஊஞ்சலில் இருந்த இடத்திலேயே ஆடுகிறாள். சிற்றில் பருவத்திலோ, சிறுமியர் கட்டிய மணல்வீட்டை அவன் காலால் சிதைக்க வருகிறான்; சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். பக்தியில் தோய்ந்த அழகான கற்பனைதான். ஆயினும் தலைமுறை தலைமுறையாக அந்தக் கெஞ்சலை ரசித்துப் பழகியவர்களின் வாரிசுகள் நாம்.

சேலம் அஸ்தம்பட்டியில் காந்தி விளையாட்டரங்கில் விடியற்காலையில் ஓடிப் பழகும் பெண்பிள்ளைகள், ஓட்டம் முடிந்ததும் அரைக்கால் சட்டைக்கு மேல் ட்ராக் பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டுதான் தெருவில் கால் வைக்கிறார்கள். "வயசுக்கு வந்த புள்ளைக்கு டவுசர் என்னத்துக்கு?", "வெயில்ல கறுத்துட்டா எவன் கட்டுவான்?" என்ற பேச்சைக் கேட்காமல் வளர்ந்தவள் அவர்களில் ஒருத்தியாவது இருப்பாளா? இற்செறிப்பு பெயரை மட்டும் உதிர்த்துவிட்டு இன்னும் வாழ்கிறது.

உலகின் கதையும் வேறல்ல. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக 800 மீட்டர் ஓடினார்கள். களைத்துச் சாய்ந்த சிலரைப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கின. பெண்ணுடம்பு தாங்காது என்று சொல்லி அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். 1960இல்தான் அது திரும்பி வந்தது. பிறகு, தாங்கிக் காட்டியவளைப் பார்த்து நீ பெண்தானா என்று கேட்டார்கள். 1968இல் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மட்டும் பாலினச் சோதனை வந்தது, 1999இல் கைவிடப்பட்டது, சந்தேகம் மட்டும் போகவில்லை. அதே 800 மீட்டரில், 2006 தோகா ஆசியப் போட்டியில் வெள்ளி வென்றார் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன், செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டுப் பெண். சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். மருத்துவரோடு நிற்க வேண்டிய செய்தி தொலைக்காட்சியில் ஓடியது. சில ஆண்டுகள் கழித்து அவர் சூளையில் கூலிவேலை செய்துகொண்டிருந்தார்.

2025 நவம்பரில் இந்தியப் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்றபோது நாடே கொண்டாடியது, மகிழ்ச்சிதான். ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் உலகத் தடகள அமைப்பு, பெண்கள் பிரிவில் ஓடுவோர் அனைவரும் மரபணுச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது. கைவிட்டது சுற்றி வந்து நிற்கிறது. ஆண்கள் பிரிவில் ஓடுபவரிடம் ஆண் என்பதற்கு இன்றுவரை எவரும் சான்று கேட்டதில்லை.

ஒடிசாவின் ஓட்டக்காரி டூட்டி சந்த், உடலில் இயல்பாகவே ஆண் ஹார்மோன் மிகுதி என்று தன்மீது விதிக்கப்பட்ட தடைக்கு எதிராகப் போராடியபோது நாடு துணை நின்றது. 2015இல் விளையாட்டு நடுவர் மன்றம் அந்த ஹார்மோன் விதியை நிறுத்தி வைத்தது. சாந்திக்காக 2006இல் அந்தக் கதவை யாரும் தட்டவில்லை. பின்னாளில் பயிற்சியாளராகிப் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்றுக்கொடுத்தவர் அவர். அந்தப் பதக்கத்தைக் கேட்கும் கடமை தமிழ்நாட்டுக்கு உண்டு, இப்போதும்.