சுட்டுத் தள்ளினால் தீர்ந்துவிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ஏதோ ஒரு நாட்டில் குண்டு வெடித்த காட்சி. அதன் கீழே என் தம்பி மகன், "இவனுங்களுக்கெல்லாம் எதுக்கு விசாரணை? மொத்தமா சுட்டுத் தள்ளிட்டா பிரச்சினை முடிஞ்சுது" என்று எழுதியிருந்தான். பதினாலு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். அதில் நாலு பேர் என்னிடம் படித்தவர்கள். பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

அவன் கோபத்தை நான் தப்பு சொல்லவில்லை. சந்தைக்குப் போனவர்களையும் பஸ்ஸுக்கு நின்றவர்களையும் குண்டு வைத்துக் கொல்பவன் மேல் கோபம் வராவிட்டால்தான் தப்பு. குழுவில் ஒரு வரியில் பதில் போட முடியவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். என் கேள்வி, பாவம் பார்க்கலாமா கூடாதா என்பதில்லை. அவன் சொல்கிற வைத்தியம் நோயைக் குணமாக்குமா என்பதுதான்.

அந்த வைத்தியத்தை அப்படியே செய்து பார்த்த ஊர் ஒன்று இருக்கிறது. நைஜீரியாவின் வடகிழக்கில் மைதுகுரி. அங்கே முகமது யூசுப் என்பவர் ஒரு கூட்டத்தைச் சேர்த்து வைத்திருந்தார். இன்று உலகம் போகோ ஹராம் என்று அழைப்பது அதைத்தான். 2009 ஜூலையில் அவர்களுக்கும் பாதுகாப்புப் படைக்கும் பெரிய மோதல். நூற்றுக்கணக்கில் செத்தார்கள். யூசுப்பை உயிரோடு பிடித்தார்கள். போலீஸ் காவலில் இருக்கும்போதே சுட்டுக் கொன்றார்கள். கோர்ட் இல்லை, விசாரணை இல்லை. முடிந்தது என்றுதான் அப்போது நினைத்தார்கள். அடுத்த வருஷமே அபூபக்கர் ஷெகாவ் தலைமையில் அந்தக் கூட்டம் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பி வந்தது. 2011இல் தலைநகர் அபுஜாவில் ஐ.நா. கட்டடத்தில் குண்டு. 2014 ஏப்ரலில் சிபோக் என்ற ஊரின் பள்ளிக்கூடத்திலிருந்து 276 மாணவிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பரீட்சை எழுத வந்திருந்த பிள்ளைகள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பரீட்சை ஹாலில் நின்றவள் நான்.

இப்போது ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்கிறேன். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம், ஆப்பிரிக்காவில் இப்படிப்பட்ட குழுக்களில் சேர்ந்தவர்களையே நேரில் பார்த்துப் பேசியிருக்கிறது. தூரத்தில் உட்கார்ந்து ஊகிக்கவில்லை, அவர்களிடமே கேட்டது. முதல் அறிக்கை 2017இல் வந்தது. இரண்டாவது 2023இல், எட்டு நாடுகளில் ஏறத்தாழ 2,200 பேரிடம் பேசி எழுதியது. அவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்பு அந்தக் குழுக்களில் இருந்தவர்கள். ஏன் சேர்ந்தாய் என்று கேட்டதற்கு, முதல் காரணமாக வேலையில்லை என்று சொன்னவர்கள் 25 சதவீதம். மதம் என்று சொன்னவர்கள் 17 சதவீதம்தான். ஆனால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேறொன்று. 'இனிமேல் பொறுக்க முடியாது' என்று குழுவில் போய்ச் சேர வைத்த ஒரு குறிப்பிட்ட சம்பவம் தங்களுக்கு நடந்ததாக ஏறக்குறைய பாதிப் பேர், சரியாகச் சொன்னால் 48 சதவீதம், சொன்னார்கள். அந்தப் பாதிப் பேரில் 71 சதவீதம் பேர் குறிப்பிட்டது மனித உரிமை மீறலை. அதுவும் பெரும்பாலும் அரசுப் படைகள் செய்ததை. அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனது, அப்பாவைக் கொன்றது மாதிரி. 2017 அறிக்கையிலும் இதே மாதிரிதான் வந்தது.

ஆக, தம்பி மகன் சொல்கிற மருந்து, பல பேருக்கு நோய் வந்த காரணமாக இருந்திருக்கிறது.

ஆசிரியர் வேலை பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட இருந்த ஒரு சார், எவனாவது ஒருவன் விசில் அடித்தால் வகுப்பு முழுவதையும் முட்டி போட வைப்பார். யார் அடித்தது என்று அதுவரை காட்டிக் கொடுக்கத் தயாராக இருந்த பிள்ளைகள்கூட அன்றிலிருந்து வாயைத் திறக்காது. முட்டி போட்ட நாற்பது பேருக்கும் விசில் அடித்தவன் தலைவன் ஆகிவிடுவான். வகுப்பறையையும் நாட்டையும் ஒப்பிடக் கூடாது என்பீர்கள். சரி, நாட்டையே எடுத்துக்கொள்வோம்.

வட அயர்லாந்து. பிரிட்டனின் ஆட்சிக்குள் இருக்கிற சின்னப் பகுதி. நம் ஒரு பெரிய நகரத்தின் ஜனத்தொகைகூட இல்லை. பிரிட்டனோடு இருக்க விரும்பிய புராட்டஸ்டன்ட் பெரும்பான்மை, அயர்லாந்தோடு சேர விரும்பிய கத்தோலிக்கச் சிறுபான்மை. ஏறத்தாழ முப்பது வருஷத்தில் 3,500 பேருக்கு மேல் செத்தார்கள். மதச் சண்டை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். ஆரம்பம் எங்கே என்று பார்த்தால் வார்டு கணக்கில் இருக்கிறது.

டெர்ரி என்ற நகரத்தில் கத்தோலிக்கர்கள்தான் அதிகம். ஆனால் நகரசபையில் எப்போதும் மற்றவர்களே ஜெயிப்பார்கள். எப்படி? ஊரை மூன்று வார்டாகப் பிரித்தார்கள். கத்தோலிக்கர்களை எல்லாம் ஒரே பெரிய வார்டுக்குள் அடைத்து அதற்கு 8 இடம். மற்ற இரண்டு சின்ன வார்டுகளுக்கு 8ம் 4ம். கூட்டிப் பாருங்கள்: 12க்கு 8. ஒவ்வொரு தடவையும் இதே விடைதான். போதாததற்கு, நகரசபைத் தேர்தலில் வீட்டு வரி கட்டுகிற குடும்பத் தலைவருக்கும் துணைவருக்கும்தான் ஓட்டு. அப்பா வீட்டில் இருக்கிற பெரிய பிள்ளைக்கும், ஒண்டுக் குடித்தனம் இருப்பவருக்கும் கிடையாது. வீடு ஒதுக்குவது யார்? அதே நகரசபை. வீடு கொடுத்தால் ஓட்டும் சேர்ந்து போகும் என்பதால் வீட்டையே கொடுக்கவில்லை. 1968 ஜூனில் காலிடன் என்ற கிராமத்தில், பிள்ளைகுட்டிகளோடு கத்தோலிக்கக் குடும்பங்கள் காத்திருக்க, கல்யாணமாகாத 19 வயது புராட்டஸ்டன்ட் பெண்ணுக்கு வீடு ஒதுக்கப்பட்டது. ஆஸ்டின் கரி என்ற சட்டமன்ற உறுப்பினர் அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு போராடினார். அவர்கள் துப்பாக்கி கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு ஓட்டு, நியாயமாக ஒரு வீடு, இதைத்தான் கேட்டார்கள். அந்த வருஷம் அக்டோபர் 5ஆம் தேதி டெர்ரியில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தடியால் அடித்தது. அது டிவி கேமராவில் பதிவாகி ஊர் ஊராகப் போனது.

சீர்திருத்தம் ஒரேயடியாக வரவில்லை என்று சொல்ல முடியாது, அரைகுறையாக வந்தது. அதற்குள் ஆயுதக்காரர்கள் இரண்டு பக்கமும் முளைத்துவிட்டார்கள். 1971 ஆகஸ்ட் 9 விடியற்காலையில் ராணுவம் வீடு வீடாகப் புகுந்து சுமார் 340 பேரை விசாரணையில்லாமல் அள்ளிக்கொண்டு போனது. கையில் இருந்த பட்டியல் பழசு. உண்மையான ஆயுதக்காரர்கள் பலர் தப்பிவிட்டார்கள், சம்பந்தமில்லாதவர்கள் மாட்டினார்கள். பிடிபட்டவர்களில் ஏறக்குறைய அத்தனை பேரும் ஒரே சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அடுத்த ஜனவரி 30ஆம் தேதி அதே டெர்ரியில், இந்தக் கைதுகளை எதிர்த்து ஊர்வலம் போனவர்களை ராணுவம் சுட்டதில் 13 பேர் அன்றே செத்தார்கள். அதன் பிறகு ஐ.ஆர்.ஏ.வில் சேர வரிசையில் நின்றார்கள் பையன்கள். முப்பது வருஷத்தில் சாவு அதிகம் நடந்த வருஷம் எது தெரியுமா? அந்த 1972தான். ஏறத்தாழ 480 பேர்.

இதைச் சொன்னால், "அப்போ குண்டு வச்சவனுக்கு வக்காலத்தா, டீச்சர்?" என்று கேட்பீர்கள். இல்லை. அந்த 3,500 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது அயர்லாந்துக்காகப் போராடுகிறோம் என்று சொன்ன ஆயுதக் குழுக்கள்தான். ராணுவம் கொன்றதைவிட அது பல மடங்கு. அதே டெர்ரியில், அதே வீடில்லாக் கொடுமையைப் பார்த்து வளர்ந்த ஜான் ஹ்யூம் துப்பாக்கி எடுக்கவில்லையே. அவரும் நம்ம ஜாதி, பள்ளிக்கூட வாத்தியார். 1947 கல்விச் சட்டத்தால் படிக்க வாய்ப்புக் கிடைத்த முதல் தலைமுறைப் பிள்ளை. 1960இல் ஊர்க்காரர்கள் சில்லறை சேர்த்துக் கடன் வாங்கிக்கொள்ள ஒரு சிறு சேமிப்புச் சங்கம் தொடங்கினார். பின்னால் அரசியலுக்கு வந்து, கடைசிவரை வன்முறையை எதிர்த்தவர். ஆனாலும் ஐ.ஆர்.ஏ.வுக்கு நெருக்கமான ஜெரி ஆடம்ஸோடு உட்கார்ந்து பேசினார். அதற்காகச் சொந்தப் பக்கத்திலேயே திட்டு வாங்கினார். குறை நியாயமானது, கொலை அநியாயமானது, இரண்டையும் சேர்த்தே சொல்ல முடியும் என்பதற்கு அவர் ஒருவர் போதும்.

அப்புறம் எப்படி நின்றது? 1996இல் பேச்சுவார்த்தைக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஒரு தேர்தல் வைத்தார்கள். அதில் ஒரு நல்ல ஏற்பாடு. மொத்த ஓட்டில் முதல் பத்து இடம் பிடிக்கிற கட்சிகளுக்கு ஆளுக்கு இரண்டு நாற்காலி கூடுதலாகக் கொடுத்துவிடுவது. இதனால் ஆயுதக் குழுக்களோடு தொடர்புடைய சின்னக் கட்சிகளும் உள்ளே வர முடிந்தது. இன்னொரு கூட்டமும் வந்தது, பெண்கள் கூட்டணி. தேர்தலுக்குச் சில வாரம் முன்னால்தான் தொடங்கினார்கள். மோனிகா மெக்வில்லியம்ஸ், பெர்ல் சாகர் என்று இரண்டு பேர், ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் புராட்டஸ்டன்ட். பெரிய கட்சி ஆண்கள் கேலி செய்தார்கள். ஆனால் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு என்ன செய்வது, இரண்டு சமூகப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கிற பள்ளிக்கூடம், கலந்து வாழ்கிற குடியிருப்பு என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் ஏறியதற்கு இவர்கள்தான் முக்கியக் காரணம். பெண்கள் உட்கார்ந்தால்தான் இதெல்லாம் ஞாபகத்துக்கு வருகிறது, என்ன செய்வது!

1998 ஏப்ரல் 10, பெரிய வெள்ளி அன்று ஒப்பந்தம். மே மாதம் மக்களிடம் ஓட்டுக்கு விட்டதில் வடக்கில் 71 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். முதலமைச்சரும் துணை முதலமைச்சரும் ஆளுக்கு ஒரு பக்கம், அதிகாரம் சமம். ஒருவர் ராஜினாமா செய்தால் மற்றவர் பதவியும் போகும்! முக்கியமான தீர்மானங்களுக்கு இரண்டு சமூக உறுப்பினர்களின் ஆதரவும் வேண்டும்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது போலீஸில் செய்த மாற்றம். பழைய போலீஸில் கத்தோலிக்கர்கள் ஏறத்தாழ 8 சதவீதம்தான். கிறிஸ் பேட்டன் தலைமையிலான குழுவின் யோசனைப்படி 2001இல் பெயர், சின்னம் எல்லாம் மாற்றிப் புதிய போலீஸ் வந்தது. பத்து வருஷத்துக்கு, புதிதாக எடுக்கிற ஆட்களில் பாதிப் பேர் கத்தோலிக்கர், பாதிப் பேர் மற்றவர்கள் என்று சட்டமே போட்டார்கள். 2011இல் அந்த 8 சுமார் 30 ஆகியிருந்தது. தெரு முனையில் நிற்கிற காக்கிச் சட்டைக்காரன் (அங்கே காக்கி இல்லை, ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்) நம் தெருப் பையனாகவும் இருக்கலாம் என்று ஆனபோது, போலீஸுக்குத் தகவல் சொல்வது துரோகம் என்ற பேச்சும் மெல்லக் குறைய ஆரம்பித்தது. குண்டு வைப்பவனைப் பிடிக்க வேண்டும் என்றால் அக்கம்பக்கத்தவர் வாயைத் திறக்க வேண்டும், தம்பி. வேறு வழி கிடையாது.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தம் போட்ட நாலே மாதத்தில் ஓமா ஊரில் ஒரு பிரிவினர் வைத்த குண்டில் 29 பேர் செத்தார்கள். ஒப்பந்தப்படி நானூறுக்கும் மேற்பட்ட கைதிகளை விடுதலை செய்தார்கள். மகனைக் கொன்றவன் கடைத்தெருவில் நடமாடுவதைப் பார்க்க வேண்டிய தாய்க்கு நான் எந்த ஆறுதலும் சொல்ல முடியாது. அந்தக் கூட்டு அரசாங்கமும் கோபித்துக்கொண்டு வருஷக்கணக்கில் முடங்கியிருக்கிறது. இருந்தாலும் அந்தச் சண்டைகள் சட்டசபைக் கதவுக்கு வெளியே தெருவில் பிணமாக விழவில்லை. ஜென்ம விரோதிகளான இயன் பெய்ஸ்லியும் மார்ட்டின் மெக்கின்னஸும் 2007இல் சேர்ந்து ஆட்சி நடத்தி, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்த போட்டோக்கள் இருக்கின்றன. தேடிப் பாருங்கள்.

ஒன்றே ஒன்றில்தான் எனக்கு மனக்குறை. பள்ளிக்கூடம். லாகன் கல்லூரி என்ற பெயரில் முதல் கலப்புப் பள்ளி 1981இல், குண்டுகளுக்கு நடுவில், 28 பிள்ளைகளோடு சில பெற்றோர்களே தொடங்கினார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அப்படிப்பட்ட பள்ளிகளில் படிப்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. பெல்பாஸ்டில் இரண்டு தெருக்களுக்கும் நடுவே கட்டிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. 2023க்குள் எடுத்துவிடுவோம் என்றார்கள், எடுக்கவில்லை. அந்த ஆப்பிரிக்க ஆராய்ச்சியில் இன்னொரு கணக்கும் இருக்கிறது: ஒரு பிள்ளை ஒரு வருஷம் கூடுதலாகப் பள்ளிக்கூடம் போனால், தானாகப் போய்த் தீவிரவாதக் குழுவில் சேரும் வாய்ப்பு 13 சதவீதம் குறைகிறது. இடைநின்ற பிள்ளைகளைத் தேடி வீடு வீடாக நடந்த ஆசிரியர்கள் இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி மகனே, உன்மேல் எனக்குக் கோபமில்லை. மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுது, ஆனால் வீடியோ அனுப்பாதே, எழுத்தில் எழுது. பெல்பாஸ்டில் நர்ஸாக இருக்கும் நம் பள்ளி மாணவிக்கு ஒரு வேண்டுகோள்: அந்தச் சுவர்களில் சிலவற்றின் கேட்டை இன்னும் ராத்திரியில் பூட்டுகிறார்களாமே, உன் டூட்டி இல்லாத நாளில் போய்ப் பார்த்துவிட்டு ஒரு படம் எடுத்து அனுப்பும்மா.